மேற்கே வெள்ளை மண், கிழக்கே சிவப்புத் தாழி: தென்காசிக்காரர்களே, தெரியுமா?

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் நாளில், பேரருவியில் தலை கொடுத்து நிற்கும்போது காலடியில் ஓடுகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது, தெரியுமா? சிற்றாறாகித் தென்காசியைத் தொட்டுக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. சீவலப்பேரிப் பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. ஆதிச்சநல்லூர் பரம்பைத் தாண்டி, கொற்கை வயல்களைத் தாண்டி, பழையகாயல் பக்கம் கடலில் விழுகிறது. அந்தக் காயல் மண்ணைக் கிளறினால் என்ன கிடைக்கும்? முத்துச்சிப்பி என்பீர்கள். அதுவும் கிடைக்கலாம். ஆனால் அங்கே ஆராய்ச்சியாளர்கள் பொறுக்கி எடுத்தது சீனத்துப் பீங்கான் சில்லுகளை!

நம்ப முடியவில்லையா? கால்டுவெல் ஐயரைக் கேளுங்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல், 1881இல் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். காயல் பக்கம் தரையெங்கும் சிதறிக் கிடந்த ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவே சீனத்துப் பீங்கான் துண்டுகள் மின்னியதை அதில் பதிவு செய்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து இறங்கி, அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதைக் கண்டு வியந்த 'காயில்' துறைமுகம் இதுதான் என்று அடையாளம் சொன்னவரும் அவரே. குதிரை மேற்கேயிருந்து வந்தது, பீங்கான் கிழக்கேயிருந்து வந்தது, இரண்டும் நம்ம ஊர் ஆற்றின் வாயில் வந்து இறங்கின!

அதோடு முடிந்ததா? இல்லை. நூறு வருடம் கழித்து, 1980-களில், அதே சில்லுகளைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். அவர் ஒரு ஜப்பானியர்! பெயர் நொபோரு கராஷிமா. தமிழ்க் கல்வெட்டுகளைக் கரைத்துக் குடித்து, சோழர் காலத்து நிலவுடைமையை அலசி எடுத்த வரலாற்றுப் பேராசிரியர். 1995இல் தஞ்சாவூரில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டின்போது உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தின் தலைவர். ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் நம்ம பழையகாயலிலும் அவரும் தமிழ்நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பொறுக்கிய சில்லுகளில், சீனத்து லோங்சுவான் சூளைகளில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வெந்த பச்சை நிறப் பீங்கான்களும் இருந்தன. இந்தியா அவருக்கு 2013இல் பத்மஸ்ரீ கொடுத்தது. உடல்நிலை காரணமாக அவரால் டெல்லிக்கு வர முடியவில்லை. அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் டோக்கியோவுக்குப் போனபோது நேரில் கொடுத்துவிட்டு வந்தார்!

கல்வெட்டுக்காரருக்கு உடைந்த தட்டில் என்ன ஆசை என்று கேட்கலாம். உடைந்த சில்லைக் கையில் வைத்துக்கொண்டு இது எந்த ஊர்ச் சூளை, எந்த நூற்றாண்டு என்று சொல்லிவிடக்கூடிய அறிஞர் கூட்டம் ஜப்பானில் உண்டு. அந்த நாட்டில் பீங்கானுக்கென்றே ஒரு ஊர் இருக்கிறது. அரிதா!

அரிதா எவ்வளவு பெரிய ஊர் தெரியுமா? சுமார் 20 ஆயிரம் பேர். நம்ம செங்கோட்டையைவிடச் சின்னது! கியூஷு தீவில், சாகா மாவட்டத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு ஒடுங்கிய பள்ளத்தாக்கு. ஜப்பானில் பீங்கான் பிறந்த ஊர் என்றால் இதுதான். அதைப் பிறப்பித்தவர் ஜப்பானியர் அல்ல என்பதுதான் வேடிக்கை. 1592 முதல் 1598 வரை ஜப்பானை ஆண்ட ஹிதேயோஷி கொரியாமீது படையெடுத்தார். நாடு பிடிபடவில்லை. போன பிரபுக்கள் வெறுங்கையோடு திரும்புவதா என்று கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறினார்கள். அந்தச் சண்டைக்கே 'குயவர் போர்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது! அப்படி வந்தவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். மலை மலையாக மண் தேடி அலைந்து, 1616இல் அரிதாவின் இசுமியாமா மலையில் வெள்ளைப் பாறையைக் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊர் வழங்கும் வரலாறு. களிமண் இல்லை, பாறை! அதை இடித்து, பொடித்து, தண்ணீரில் கரைத்து, தெளியவைத்துத்தான் பிசைய வேண்டும். 400 வருடம் வெட்டியெடுத்ததில் அந்த மலையே குடைந்து பள்ளமாகிக் கிடக்கிறது. மலை முழுக்கத் தட்டாகவும் கோப்பையாகவும் கப்பல் ஏறிவிட்டது!

ஒரு பெண்மணியைச் சொல்லாமல் போகக்கூடாது. ஹியாகுபாசென். இவரும் கொரியாவிலிருந்து வந்தவர். கணவர் இறந்தபிறகு, 900 பேருக்கு மேற்பட்ட தன் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வெள்ளைப் பாறை இருக்கும் அரிதாவுக்குக் குடியேறினார் என்கிறார்கள். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த பாட்டி, ஒரு தொழிற்பேட்டையையே தூக்கிக்கொண்டு இடம் மாறியிருக்கிறார்! வரலாற்றுப் புத்தகங்கள் சாம்-பியோங்குக்குக் கொடுக்கிற பக்கத்தில் பாதியாவது இவருக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு அதிர்ச்சி கேளுங்கள். 1637இல் அந்தப் பகுதியை ஆண்ட நபேஷிமா பிரபு, 800-க்கும் மேற்பட்ட குயவர்களை ஊரைவிட்டே துரத்தினார். யாரை? சொந்த நாட்டு ஜப்பானியர்களை! காரணம் விறகு. சூளைக்கு மரம் வெட்டி வெட்டி மலை மொட்டையாகிக்கொண்டிருந்தது. அடுப்புகளைக் குறைக்க வேண்டும், கைத்திறன் உள்ளவர்களை விடக்கூடாது. கொரியக் குயவர்கள் தங்கினார்கள், மற்றவர்கள் மூட்டை கட்டினார்கள். மிஞ்சிய சூளைகளை ஒரே பள்ளத்தாக்கில் ஒதுக்கி, போகவர வழியில் காவல் போட்டார்கள். ரகசியம் வெளியே போய்விடக்கூடாதே!

இனி வருவதுதான் நமக்கு நெருக்கமான சங்கதி. அரிதா பீங்கானை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது யார்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. சீனாவில் மிங் வம்சம் கவிழ்ந்து சண்டை மூண்டு, அங்கிருந்து சரக்கு வருவது தடைப்பட, கம்பெனி 1659இல் அரிதாவுக்குப் பெரிய ஆர்டர் போட்டது. அதற்கு முந்தின வருடம், 1658இல், அதே கம்பெனி எந்த ஊரைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடுங்கியது தெரியுமா? நம்ம தூத்துக்குடியை! ஒரே கம்பெனி, ஒரே காலம். ஒரு கையில் முத்துக்குளித்துறை, மறு கையில் அரிதாவின் கோப்பை! பக்கத்திலிருந்த இமாரி துறைமுகம் வழியாகச் சரக்கு போனதால் ஐரோப்பாக்காரர்கள் அந்தப் பீங்கானை 'இமாரி' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். சுட்டது ஒரு ஊர், பேர் வாங்கியது இன்னொரு ஊர்.

பீங்கான் பைத்தியம் எந்த அளவுக்குப் போனது தெரியுமா? ஜெர்மனியின் சாக்சனி நாட்டை ஆண்ட அகஸ்டஸ், 1717இல் பக்கத்து பிரஷ்ய அரசனிடமிருந்து 151 பீங்கான் உருப்படிகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு 600 குதிரைப்படை வீரர்களைக் கொடுத்துவிட்டார்! ஜாடிக்கு ஆள்! அவற்றில் சீனத்துப் பெரிய ஜாடிகளுக்கு இன்றுவரை 'படைவீரர் ஜாடி' என்றே பெயர். அதே அகஸ்டஸ்தான், பொன் செய்து தருகிறேன் என்று சொன்ன போட்கர் என்ற ரசவாதியைப் பிடித்து அடைத்துவைத்து, கடைசியில் பொன்னுக்குப் பதில் பீங்கான் செய்முறையைக் கறந்தவர். 1710இல் மைசென் தொழிற்சாலை பிறந்தது. அங்கே முதலில் காப்பியடித்த வடிவங்களில் அரிதாவின் காகியெமோன் குடும்பத்துச் சிவப்பு ஓவியங்களும் உண்டு. அந்தக் குடும்பம் இன்னும் அரிதாவில் தொழில் செய்கிறது. தலைமுறைக்கு ஒருவர் அதே பெயரை ஏற்கிறார். இப்போது இருப்பவர் 15ஆம் காகியெமோன்!

அரிதாவில் தோசான் என்றொரு கோயில். வாசல் தோரணமே பீங்கான், 1888இல் நட்டது! சிங்கமும் விளக்கும் பீங்கான். கோயில் படிக்கும் தெருவுக்கும் நடுவே ரயில் தண்டவாளம் ஓடுகிறது. ரயில் போனபிறகு தண்டவாளத்தைத் தாண்டித்தான் சாமி கும்பிட வேண்டும்! அந்தச் சாமிகளில் ஒருவர் கொரியாவிலிருந்து பிடித்துவரப்பட்ட அதே யி சாம்-பியோங். சந்துகளில் வீட்டு மதில்கள்கூடப் பழைய சூளையை உடைத்த செங்கல்லாலும் சில்லாலும் கட்டியவை. ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பீங்கான் சந்தை. 20 ஆயிரம் பேர் வாழும் ஊருக்கு அந்த ஒரு வாரத்தில் சுமார் 10 லட்சம் பேர் வருகிறார்கள்! ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஓரளவு மனசில் படம் விரியும்.

சரி, நம்ம பக்கம் ஏன் இப்படி ஒரு பீங்கான் ஊர் இல்லை? இருக்கிறது! தென்காசியில் ரயில் ஏறி மேற்கே போனால் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் மண்ணைப் பற்றிப் பேசிவிடுவோம்.

குளத்து மண்ணில் செய்த சட்டி சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெந்துவிடும். அதற்கு மேல் ரொம்ப ஏற்றினால் உருகிக் கோணிவிடும். பீங்கானுக்கு 1,300 டிகிரி வேண்டும்! அந்தச் சூட்டைத் தாங்குவது வெள்ளைக் களிமண். அது எப்படி உண்டாகிறது தெரியுமா? மலைப்பாறையில் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், லட்சக்கணக்கான வருடம் மழையிலும் வெப்பத்திலும் ஊறி இற்றுப்போய் மாவாகிறது. அதுதான் பீங்கான் மண். பீங்கான் வேகும்போது உள்ளே பாதி கண்ணாடியாகிவிடுகிறது. அதனால்தான் தண்ணீர் ஊறாது, சுண்டினால் மணிபோல் ஒலிக்கும், மெல்லிசாக இருந்தால் வெளிச்சம்கூடக் கசியும். இன்னொன்று: 1,300 டிகிரியில் பெரும்பாலான சாயங்கள் எரிந்து போய்விடும். தாக்குப்பிடிக்கும் சிலவற்றில் முதலிடம் கோபால்ட்டுக்கு. உலகத்துப் பீங்கானெல்லாம் ஏன் நீலமும் வெள்ளையுமாகவே இருக்கின்றன என்று யோசித்ததுண்டா? ரசனை மட்டும் காரணமில்லை, அடுப்புச் சூடும் காரணம்! காகியெமோன் வீட்டுச் சிவப்பு வேண்டுமென்றால், பளபளப்பு ஏறிய பிறகு மேலே எழுதி, குறைந்த சூட்டில் இன்னொரு தடவை சுட வேண்டும்.

இப்போது மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாருங்கள். மழை யார் பக்கம் கொட்டுகிறது? கேரளா பக்கம். நமக்குக் கணவாய் வழியாக நழுவி வரும் சாரல்தான். பாறை ஊறி மாவானதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். கொல்லம் அருகே குண்டறா என்ற ஊரில், மேலே சிவந்த செம்பாறை மண்ணை நீக்கினால் அடியில் பால் வெள்ளையாகக் களிமண்! இந்தியாவின் பேர்போன பீங்கான் மண் படிவுகளில் ஒன்று. திருவாங்கூர் சமஸ்தானம் 1930-களில் அங்கே அரசுப் பீங்கான் தொழிலைத் தொடங்கியது. பின்னால் அது கேரளா செராமிக்ஸ் என்ற அரசு நிறுவனமாகி இன்றும் இருக்கிறது.

குண்டறாவுக்கும் நமக்கும் என்ன உறவு? தண்டவாள உறவு! 1904இல் கொல்லத்திலிருந்து புனலூர், ஆரியங்காவு வழியாக மலையைக் குடைந்துகொண்டு செங்கோட்டைக்கு ரயில் வந்தது. அந்தப் பாதையில் கொல்லத்துக்கும் கொட்டாரக்கரைக்கும் இடையே இருக்கிற நிலையம் குண்டறா. பதிமூன்று கண் பாலம் என்று ஜன்னலோரம் எட்டிப் பார்க்கிறோமே, அதே பாதை. புனலூர் செங்கோட்டை மீட்டர் கேஜ் 2010இல் நின்று, அகலப்பாதையாகி 2018இல் முழுதாகத் திரும்பி வந்தது. அருவிக்கும் தர்காவுக்கும் கோயிலுக்குமாக எத்தனையோ தடவை அந்த ரயிலில் போய்வருகிறவர்கள், ஒரு பீங்கான் ஊரைத் தாண்டிப் போகிறோம் என்று தெரியாமலே முறுக்குத் தின்றுகொண்டு போகிறார்கள்!

உறவு இன்னும் நெருக்கம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை இருந்தது திருவாங்கூர்ப் பக்கம். கொல்லத்தோடு சேர்த்துத்தான் நிர்வாகம். அதாவது செங்கோட்டைக்காரருக்குக் குண்டறா சொந்த மாவட்டம், தென்காசிதான் வெளியூர்! புரோட்டா தின்ன இன்றைக்கும் 'பார்டருக்குப் போறேன்' என்கிறோமே, பிரானூரில் எந்த பார்டர் இருக்கிறது இப்போது? அது பழைய திருவாங்கூர் எல்லை. எல்லை நகர்ந்துவிட்டது, புரோட்டா நகரவில்லை!

குண்டறா அரிதா ஆனதா? ஆகவில்லை. மண் இருந்தது, தொழிற்சாலை இருந்தது. தட்டில் படம் எழுதி, அந்தக் கையைப் பேரனுக்குக் கொடுக்கும் குடும்பங்கள் அங்கே உருவாகவில்லை. இப்போது அந்த நிறுவனத்தின் முக்கியச் சரக்கு சுத்திகரித்துத் தூளாக்கிய வெள்ளைக் களிமண். பெயிண்டுக்கும் காகிதத்துக்கும் ரப்பருக்கும் அந்தத் தூள்தான் வேண்டியிருக்கிறது. நீங்கள் கையில் வைத்திருக்கும் வழவழப்பான பத்திரிகைத் தாளிலும் இந்த ரகக் களிமண் பூசப்பட்டிருக்கலாம் என்றால் நம்புவீர்களா? கோப்பை ஆகாத மண் தாளாகிவிட்டது!

தமிழ்நாட்டுக்குள்ளேயே கேட்டால் விருத்தாசலம். நெய்வேலியில் நிலக்கரி எடுக்க மேல்மண்ணை அகற்றினார்கள் அல்லவா? அதில் வெள்ளைக் களிமண்ணும் வந்தது. பக்கத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பம் படிக்கக் கல்லூரியும் வந்தன. அங்கிருந்து வரும் பொம்மையும் அகலும் நம்ம நவராத்திரிக் கொலு வரைக்கும் எட்டிவிட்டன.

வீட்டில் பீங்கானே கிடையாது, எல்லாம் எவர்சில்வர்தான் என்கிறீர்களா? கொஞ்சம் வெளியே வந்து கரண்டுக் கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாகவும் தவிட்டு நிறத்திலும் குமிழ் குமிழாக இருப்பது பீங்கான்! மின்சாரம் அதன் வழியே பாயாது, மழைக்கும் வெயிலுக்கும் அசையாது. பழைய மெயின் போர்டில் கட்டைவிரலால் இழுத்துப் பிடுங்குவோமே ஃபியூஸ் கட்டை, அதுவும் அதே. இதில் அரிதாவும் உண்டு: 1870-களை ஒட்டி ஜப்பானில் தந்திக் கம்பி இழுத்தபோது அதற்கான பீங்கான் குமிழைச் செய்து கொடுத்தவர் அரிதாவின் ஃபுகாகாவா எய்சாயெமோன். அவர் தொடங்கிய கோரான்ஷா கம்பெனி, பூ ஜாடியும் செய்கிறது, மின்கம்பக் குமிழும் செய்கிறது!

பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடி? மேலே பழுப்பு, கீழே வெள்ளை. அது பீங்கானுக்குத் தம்பி முறை. பீங்கானைவிடக் கொஞ்சம் குறைந்த சூட்டில் வெந்த கல்ஜாடி. உப்பும் புளிப்பும் அதை ஒன்றும் செய்யாது. 14ஆம் நூற்றாண்டில் மதுரைச் சுல்தான் அரண்மனை வரை வந்துபோன இபின் பதூதா, கிழக்குக் கடலில் ஓர் அரசி தனக்குக் கொடுத்தனுப்பிய அன்பளிப்புகளில் 'மர்த்தபான்' ஜாடிகளைக் குறிப்பிடுகிறார். உள்ளே என்ன தெரியுமா? கடற்பயணத்துக்கென்று உப்பில் போட்ட இஞ்சி, மிளகு, எலுமிச்சை, மாங்காய்! எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஊறுகாய் ஜாடியோடு கப்பல் ஏறியிருக்கிறார் மனிதர்!

வெள்ளை மண்ணை இத்தோடு விடுவோம். தென்காசிக்குத் திரும்பி, செங்கோட்டைப் பக்கம் போனால் தேன்பொத்தை. சட்டி பானைக்குப் பேர்போன ஊர். அரிதாவுக்கு 400 வருடம் என்று வாயைப் பிளந்தோமே, நம்ம ஆற்றங்கரைச் சக்கரம் சுற்றத் தொடங்கியது எப்போது என்று கணக்குப் போடப் போனால் தலை சுற்றும்! கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

முதலில் பானை செய்கிற விதம். சக்கரத்திலிருந்து பானை இறங்கும்போது அதற்கு அடிப்பகுதி கிடையாது, தெரியுமா? குளத்து மண்ணைக் காயவைத்து, ஊறவைத்து, மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதமாக்கிச் சக்கரத்தில் ஏற்றுவார்கள். வாயும் கழுத்தும் உருவாகும். சுவர் கனமாக இருக்கும். அடி திறந்தே கிடக்கும். நூலால் அறுத்து எடுத்து, நிழலில் பாதி காயவிட்டு, உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டத் தட்ட, சுவர் மெலிந்து விரிந்து, அடி தானாக வந்து மூடிக்கொள்ளும்! அந்தத் தட்டுகிற தாளம் தவறினால் ஒரு பக்கம் மெலிந்து, அடுப்பில் வெடித்துவிடும். பானை உருண்டையாக இருப்பது அழகுக்காக என்று நினைத்தீர்களா? மூலை இல்லாததால் சூடு எங்கும் ஒரே மாதிரிப் பரவும். பிறகு செங்காவிக் கரைசல் பூசி, சூளையில் அடுக்கி, விறகும் மட்டையும் இட்டு, வைக்கோல் போர்த்தி, மண் மெழுகி, நெருப்பு வைப்பார்கள். தெர்மாமீட்டர் கிடையாது. புகையின் நிறத்தையும் தணலின் நிறத்தையும் பார்த்தே வெந்ததா என்று சொல்லிவிடுவார்கள்.

குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குச் சாரல் கொண்டாட்டம். பானை செய்கிறவர்களுக்கு அது திண்டாட்டம்! ஈரக்காற்றில் பச்சைப் பானை காயாது, காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். தென்மேற்குச் சாரல் போனால் ஐப்பசியில் வடகிழக்கு மழை. வேலை நிற்கிற அந்த நாளுக்காகத்தான் மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணத் தொகை தருகிறது அரசு. மண் கிடைப்பதும் லேசில்லை. கண்ணெதிரே குளம் நிறைய மண் இருக்கும், ஒரு கூடை அள்ள அனுமதி வேண்டும். 2024இல்தான் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாலுகா அளவிலேயே அனுமதி வாங்கிக் குளத்து மண்ணைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம் என்று நடைமுறையை எளிதாக்கினார்கள். அரிதாவில் விறகுக்காக ஊரைவிட்டு அனுப்பினார்கள், இங்கே மண்ணுக்காக ஆபீஸ் ஆபீஸாக நடக்கவிட்டார்கள். எது மேல் என்று என்னால் சொல்ல முடியவில்லை!

இப்போது அந்தத் தலைசுற்றல் கணக்கு. சிற்றாற்றுத் தண்ணீர் தாமிரபரணியில் கலந்து போகிற வழியில், திருநெல்வேலிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரம்பு. இறந்தவர்களைத் தாழிக்குள் வைத்து, பாறையைக் குடைந்த குழியில் புதைத்திருக்கிறார்கள். ஆள் உட்காரக்கூடிய அளவு தாழி! 1876இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஜாகோர் தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்கே எடுத்துப் போனார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டினார். நெற்றியில் கட்டும் தங்கப் பட்டம், வெண்கலம், இரும்பு எல்லாம் வந்தன. பிறகு நூறு வருடம் கிடப்பில் கிடந்து, 2004இல் தொல்லியலாளர் சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டியபோது, சின்ன இடத்திலேயே 150-க்கும் மேற்பட்ட தாழிகள்! ஆற்றுக்கு வடகரையில் சிவகளை. அங்கே ஒரு தாழிக்குள் கிடந்த நெல் உமியைப் பரிசோதனைக்கு அனுப்ப, கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2021இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அரிதாவில் யி சாம்-பியோங் வெள்ளைப் பாறையைத் தொட்டபோது, நம்ம தாழிக்கு வயது 2,700-க்கு மேல்!

அந்தக் காலத்துப் பானைகளில் ஒரு வித்தை இருக்கிறது. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. இரண்டு சாயமா? இல்லை, ஒரே மண்! பானையைக் கவிழ்த்து, உள்ளேயும் வாயோரத்திலும் காற்று புகாதபடி உமியோ வைக்கோலோ அடைத்துச் சுட்டால், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவக்கும், காற்றுப் படாத உள்பக்கம் கறுக்கும். மண்ணில் இருக்கும் இரும்பும் உமியின் கரியும் சேர்ந்துதான் இந்த இரண்டு வேஷமும் போடுகின்றன. பழையகாயலில் கிடைத்த சீனத்துப் பச்சைப் பீங்கானுக்குப் பச்சை எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? அதுவும் இரும்பு! காற்றைக் குறைத்து 1,200 டிகிரிக்கு மேல் சுட்டால், பளபளப்புப் பூச்சில் இருக்கும் துளி இரும்பு பச்சையாகிறது. ஆதிச்சநல்லூர்க் குயவரும் லோங்சுவான் குயவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ரெண்டு பேருக்கும் காற்றைக் கட்டத் தெரிந்திருந்தது!

புவிசார் குறியீடு வாங்கிய பானை தமிழ்நாட்டில் உண்டா? உண்டு, மானாமதுரை, 2023இல். கச்சேரி மேடையில் வாசிக்கும் கடத்துக்கும் மானாமதுரை பேர்போனது. தாமிரபரணிக் கரையில் காருகுறிச்சி என்றால் எல்லோருக்கும் அருணாசலத்தின் நாதஸ்வரம் நினைவுக்கு வரும். அதே ஊர் மண்பாண்டத்துக்கும் பேர்போனது. ஒரு ஊர் ஊதுகிறது, ஒரு ஊர் தட்டுகிறது என்று நினைத்தால், காருகுறிச்சி இரண்டையும் செய்திருக்கிறது!

அருவிக்கு வந்துவிட்டுத் திரும்பும் வழியில் மீன்குழம்புச் சட்டி வாங்குகிறவர்களுக்கு மட்டும் கடைசியாக: சட்டியை உள்ளங்கையில் தூக்கி வைத்து விரலால் சுண்டுங்கள். 'ணங்' என்றால் வெந்திருக்கிறது. 'தொப்' என்றால் கீறல் இருக்கிறது, இல்லையென்றால் வேக்காடு போதவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போடுங்கள், குமிழ் குமிழாக மூச்சுவிடும். பிறகு வடித்த கஞ்சியை ஊற்றி இளந்தீயில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பழக்கினால் மாவு போய் நுண்துளைகளை அடைத்துவிடும், குழம்பு கசியாது. முதல் நாளே புளியும் மீனும் போட்டால் சட்டி சாகும்வரை மீன் வாடைதான். சோப்பு வேண்டாம், சாம்பலும் தேங்காய் நாரும் போதும். சுண்டிப் பார்க்க வெட்கப்பட வேண்டாம், விற்கிற அக்காவே உங்களுக்கு முந்திச் சுண்டிக் காட்டிவிடுவார்.